பிரேக் பிடிச்சிருக்கு

அக்காவின் கணவர் பெயர் பூட்டு. தங்கையின் கணவர் பெயர் லிஃப்ட். பெற்றவர்கள் வைத்த பெயர் இருவருக்கும் உண்டுதான். ஆனால் குடும்பத்தில் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் இருவருமே திரும்பிப் பார்ப்பதில்லை.

மூத்தவர் சாவிக்கடை வைத்திருந்தார். தொலைந்த சாவி, துருவேறிய பூட்டு, தானாகச் சாத்திக்கொண்ட கதவு எல்லாம் அவரைத் தேடி வரும். வேலையில் கெட்டிக்காரர். பேச்சில் மட்டும் மகா கருமி. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்ற நினைப்போ என்னவோ, ஒரு வார்த்தையில் முடிகிற இடத்தில் இரண்டாவதைச் செலவழிக்க மாட்டார். சாப்பாடு நன்றாக இருந்தால் பேசாமல் எழுந்து கை கழுவுவார். இல்லையென்றால் "உப்பு" என்பார். அவ்வளவுதான்.

இளையவர் அடுக்குமாடிகளில் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். எள் என்றால் எண்ணெயாக நிற்பவர். பல நேரம் எதிராளி எள் என்று சொல்வதற்குள்ளேயே எண்ணெயைக் கொட்டிவிட்டு நிற்பவர்.

"எங்கப்பா ஒருத்திக்கு பிரேக் மட்டும் உள்ள மாப்பிள்ளை, இன்னொருத்திக்கு ஆக்சிலேட்டர் மட்டும் உள்ள மாப்பிள்ளைன்னு தேடித் தேடிப் பிடிச்சிருக்காரு" என்பாள் தங்கை.

கீழ்த்தளத்தில் அக்கா வீடு, மேல்தளத்தில் தங்கை வீடு, நடுவில் ஒரு மாடிப்படி. அந்த மாடிப்படிக்குப் பக்கத்துக் கொட்டகையில்தான் படகு நின்றது. சகலைகள் இருவரும் சேர்ந்து வாங்கிய பழைய படகு. ஞாயிற்றுக்கிழமைகளில் கழிமுகத்துக்கு இழுத்துக்கொண்டு போய், ஆற்றுத் தண்ணீரும் கடல் தண்ணீரும் கலக்கிற இடத்தில் தூண்டில் போடலாம் என்பது திட்டம்.

படகு வந்து இறங்கிய அன்று எல்லோரும் அதன் நீலப் பெயிண்டை மெச்சிக்கொண்டிருக்க, பூட்டு மட்டும் குனிந்து அது உட்கார்ந்திருந்த டிரெய்லரைச் சுற்றி வந்தார்.

"பிரேக்" என்றார்.

"பிரேக்குக்கு என்ன சகலை?"

"இல்ல."

உண்மைதான். டிரெய்லருக்கு பிரேக்கே கிடையாது. கழிமுகத்துக்குப் போகிற சாலையோ கடைசியில் மலைச்சரிவில் வளைந்து வளைந்து இறங்குவது. முன்னால் போகிற வண்டி நிற்கும்போது பின்னால் வருகிற படகும் நிற்க வேண்டாமா? மறுநாளே இருவரும் டிரெய்லர் சாமான் விற்கிற கடைக்குப் போனார்கள்.

கடைக்காரம்மா பொறுமைசாலி. கைகளில் கிரீஸ் படாமல் இருக்க உறை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார்.

"நீங்க வண்டிய நிறுத்தினா பின்னால வர்ற டிரெய்லர் முன்னால வந்து முட்டப் பார்க்கும் இல்லையா? அந்த முட்டுற வேகத்தையே வெச்சு இது தானா பிரேக் போட்டுக்கும். வயர் கிடையாது, கரண்ட் கிடையாது, தண்ணிக்குள்ள தைரியமா இறக்கலாம். படகுக்கு இதுதான் தோது. அதுல யோசிக்க ஒண்ணுமில்ல. சக்கரத்துல டிரம்மா, டிஸ்க்கா? அதை மட்டும் நீங்க சொல்லுங்க."

டிரம் என்பது மூடி போட்ட பாத்திரம் போல இருந்தது. பிரேக் கட்டைகள் அதற்குள்ளே. டிஸ்க் என்பது திறந்த தட்டு. இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற இடுக்கி வெளியிலேயே தெரிந்தது.

"டிஸ்க்" என்றார் லிஃப்ட். "எல்லாம் கண்ணுக்கு முன்னால இருக்கு பாருங்க."

"டிரம்" என்றார் பூட்டு.

"ஏன் சகலை?"

"மூடியிருக்கு."

பூட்டுக்காரருக்கு மூடியிருப்பதில்தான் நம்பிக்கை. லிஃப்ட்காரருக்குத் திறந்து பார்க்க முடிவதில்தான் நம்பிக்கை. அவரவர் பிழைப்பு அப்படி. கடைக்காரம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டும் நல்லதுதான். டிஸ்க்குல உப்புத் தண்ணி தங்காது, சீக்கிரம் காஞ்சிடும். டிரம்முல கை பிரேக் கெட்டியா நிக்கும். ஆனா அது மூடின பாத்திரம். உள்ள போன உப்புத் தண்ணி தானா வெளிய வராது. ஒவ்வொரு தடவை தண்ணியில இறக்கி ஏத்தினதும், இந்த முனையில குழாயைச் சொருகி நல்ல தண்ணி விட்டுக் கழுவணும். கழுவுவீங்களா?"

"கழுவிட்டாப் போச்சு" என்றார் லிஃப்ட்.

"நிக்குமா?" என்று கேட்டார் பூட்டு. வீட்டு முற்றம் தெருவை நோக்கிச் சரிவு. படகு தானாக உருண்டு எதிர்வீட்டு வாசலில் போய் நிற்பதைப் போல அவருக்கு ஏற்கெனவே ஒரு கனவு வந்திருந்தது.

"கை பிரேக் இழுத்தா மலையாட்டம் நிக்கும்."

அத்தோடு டிரம் என்று முடிவாயிற்று. "இன்னொண்ணு..." என்று கடைக்காரம்மா ஆரம்பிப்பதற்குள் லிஃப்ட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். என்ன என்று கேட்டிருக்க வேண்டியவர் பூட்டு. கேட்டால் இரண்டு வார்த்தை செலவாகுமே. தலையை ஆட்டிவிட்டு அவரும் பின்னாலேயே போய்விட்டார்.

வெயில் காலம் முழுக்கப் படகு ஓடியது. திரும்பி வந்ததும் கழுவுவது லிஃப்ட்டின் பொறுப்பு. நிறுத்துவது பூட்டின் பொறுப்பு. ஆரம்பத்தில் லிஃப்ட் டிரம்முக்கும் குழாய் பிடித்தார். போகப் போக படகின் நீலப் பெயிண்ட் பளபளத்தால் போதும் என்றாகிவிட்டது. வெளியே தெரியாத இடத்துக்கு யார் தண்ணீர் விடுவது? பூட்டோ சக்கரத்துக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை வைப்பார். வைத்த பிறகும் மனசு ஆறாமல் கை பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்து விடுவார்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. படகு கொட்டகையிலேயே கிடந்தது. ஒரு வழியாக வானம் வெளுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில், இன்று போயே தீருவது என்று அக்காவும் தங்கையும் சேர்ந்து தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்.

எல்லோரும் குளித்துக் கிளம்புவதற்குள் பூட்டு கொட்டகைக்குப் போனார். கட்டைகளை எடுத்தார். கை பிரேக்கை இறக்கினார். டிரெய்லரின் மூக்கைப் பிடித்து இழுத்தார். வலது சக்கரம் அசைந்தது. இடது சக்கரம் அசையவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினார். ஊஹூம். காதை வைத்துத் தட்டிப் பார்த்தார். துருவேறிய பூட்டுகளோடு காலமெல்லாம் மல்லுக்கட்டியவருக்கு அந்தச் சத்தம் புதிதல்ல. உள்ளே பிரேக் கட்டையும் டிரம்மும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன.

அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது.

"சாவிக்கடையா? கதவு சாத்திக்கிச்சுங்க. நான் வெளிய நிக்கிறேன், பால் உள்ள அடுப்புல இருக்கு. பொகை வருது. சீக்கிரம் வாங்களேன்..." அழுகிற குரல்.

பூட்டு கைப்பையை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் ஏறினார். ஏறிய பிறகுதான், சகலைக்குச் சொல்ல வேண்டுமே என்று தோன்றியது. மாடி ஏறிச் சொல்ல நேரமில்லை. போனை எடுத்து அவர் வழக்கத்துக்கு மிஞ்சிய தாராளத்தோடு இரண்டு வார்த்தை தட்டினார்:

"பிரேக் பிடிச்சிருக்கு."

அவர் கடையில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். ஒருவர் பழைய பூட்டைக் கொண்டு வந்து கொடுப்பார். பூட்டு அதை ஆட்டிப் பார்த்து "பிடிச்சிருக்கு" என்பார். துருப்பிடித்து இறுகிவிட்டது, சாவி திரும்பாது, விட்டுவிட்டுப் போ என்று பொருள். இறுகிப்போன டிரெய்லரை யாராவது இழுப்பார்களா? 'எடுக்காதே' என்று தனியாக வேறு எழுத வேண்டுமா?

செய்தி மாடியில் லிஃப்ட்டின் போனில் போய் விழுந்தது. அவர் வேலையிலும் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். லிஃப்ட்டைப் பழுதுபார்த்து முடித்ததும், மேலே மோட்டார் அறையில் இருப்பவர் பிரேக்கைச் சோதிப்பார். பிரேக் கவ்விக்கொண்டு லிஃப்ட் நின்றதும் அங்கிருந்தே "பிடிச்சிருக்கு" என்று குரல் கொடுப்பார். அந்தக் குரல் கேட்ட பிறகுதான் கீழே இருப்பவர் உள்ளே காலை வைப்பார். உயிருக்கு உத்தரவாதம் கொடுக்கிற சொல் அது.

"அடடா, மூத்தவரே பார்த்துட்டாரு" என்று லிஃப்ட் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "கிளம்புங்க, கிளம்புங்க."

கதவைத் திறக்கப் பூட்டுக்கு அதிக நேரம் ஆகவில்லை. பால் தீய்ந்து பாத்திரம் கறுத்திருந்ததே தவிர வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த அம்மா நன்றி சொல்லி முடிக்கத்தான் நேரமாயிற்று. "ம்" என்று சொல்லிவிட்டு அவர் வீட்டுக்குத் திரும்பினார். நிதானமாக ஒரு காபி குடித்துவிட்டு, சக்கரத்தைக் கழற்றி, துருவைத் தட்டி, மதியத்துக்கு மேல் கிளம்பினால் போகிறது என்று வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தார்.

கொட்டகை காலியாக இருந்தது.

முதலில் அவருக்குப் புரியவில்லை. இடம் மாறி வந்துவிட்டவர் போலச் சுற்றிலும் பார்த்தார். பிறகுதான் தரையைப் பார்த்தார். இடது சக்கரம் நின்ற இடத்திலிருந்து சிமெண்டில் கறுப்பாக ஒரு கோடு. டயர் உருளாமல் தேய்ந்துகொண்டே போன கோடு. முற்றத்தின் நடுவில் அந்தக் கோடு நின்றுவிட்டது. அங்கே செம்பழுப்பாகத் துருத்தூள் கொஞ்சம் உதிர்ந்திருந்தது.

அவர் குனிந்து அந்தத் தூளைத் தொட்டுப் பார்த்தார்.

இழுத்த இழுப்பில் ஒட்டு விட்டிருக்கிறது. சக்கரம் சுற்ற ஆரம்பித்திருக்கிறது. ஆனால் முழுக்க விட்டிருக்காது. கை பிரேக்கின் கம்பி துருவில் மாட்டிக்கொண்டிருந்தால், கட்டை டிரம்மை உரசிக்கொண்டேதான் இருக்கும். உரச உரசச் சூடு. சூட்டில் சக்கரத்தின் கிரீஸ் உருகி ஓடும். பிரேக் எண்ணெய் கொதிக்கும். கொதித்தால் அந்தப் பக்கம் மட்டுமல்ல, மறுபக்கச் சக்கரத்திலும் பிரேக் இருக்காது. அந்த நிலையில் மலைச்சரிவில் இறங்கினால், பின்னால் அத்தனை கனம் முட்டித் தள்ள, வளைவில்...

அதற்கு மேல் அவர் நினைக்கவில்லை. லிஃப்ட்டுக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வண்டி ஓட்டும்போது போனைத் தொடக் கூடாது என்று தங்கை போட்ட சட்டம். அந்தச் சட்டம் வந்தபோது "ம்" என்று ஆமோதித்தவர் இவரே. மனைவிக்குப் போட்டார். பூட்டிய கதவுக்குப் பின்னால், சமையலறையில், மனைவியின் போன் இனிமையாகப் பாடியது. தங்கையின் எண்ணை அவர் தன் போனில் போட்டு வைத்ததே இல்லை. பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டார்.

ஸ்கூட்டரை முறுக்கினார். சிவப்பு விளக்கைக் கண்டால் விளக்குக்கு முன்பே நிற்கிற மனிதர் அன்று தெருநாய்களே ஒதுங்கி வழிவிடும்படி போனார். ஊரின் கடைசிப் பெட்ரோல் பங்க்கில் நிறுத்தி, "நீலப் படகு" என்று மூச்சு வாங்கினார்.

"ஆமா, போச்சு" என்றார் பங்க்காரர். "பின்னால ஒரு சக்கரத்துல லேசா பொகை மாதிரி இருந்துச்சு. நானும் கையைக் காட்டிக் கத்தினேன். அந்த ஆளு பதிலுக்கு டாட்டா காட்டிட்டுப் போறாரு."

அப்படியே சகலைதான். சந்தேகமே வேண்டாம்.

பங்க்கைத் தாண்டினால் வீடுகள் இல்லை. சாலை ஒரே நேர்கோடாகப் போய், சரிவு தொடங்கும் இடத்தில் மறையும். எதிர்க்காற்றில் கண்ணில் நீர் வழிந்தது. காற்றில் ஒரு தீய்ந்த நாற்றம் இருந்தது. அது காலையில் தீய்ந்த பாலின் நாற்றமா, இந்த வழியில் போன பிரேக்கின் நாற்றமா என்று அவரால் பிரிக்க முடியவில்லை. மனைவி கடைசியாக அவரிடம் என்ன சொன்னாள் என்று யோசித்துப் பார்த்தார். "பச்சைப் பையை மறக்காம வண்டியில வைங்க" என்றாள். அதற்கு அவர் சொன்னது "ம்." அதுவே கடைசி வார்த்தையாகப் போய்விட்டால்? அது வார்த்தைகூட இல்லையே.

தூரத்தில் மஞ்சள் விளக்கு மினுக் மினுக்கென்றது.

சரிவு என்று படம் போட்ட பலகைக்கு இந்தப் பக்கம், சாலையோரத்து மண்ணில், வண்டி நின்றது. பின்னால் படகு நின்றது. அக்காவும் தங்கையும் தள்ளி ஒரு பாலச்சுவரில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேருக்கும் கை கால் எல்லாம் இருந்தன. தங்கை பிஸ்கட் கடித்துக்கொண்டிருந்தாள்.

பூட்டுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த உயிர் உட்காருவதற்குள் அடுத்ததைப் பார்த்தார். லிஃப்ட் படகிலிருந்த வாளி நிறையத் தண்ணீரோடு, புகைந்துகொண்டிருந்த இடது சக்கரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்.

"ஊத்தாதீங்க சகலை, ஊத்தாதீங்க, வாளிய அப்படியே கீழ வைங்க. அது கொதிக்கிற இரும்பு. இப்ப பச்சைத் தண்ணி பட்டா டிரம் விரிசல் விட்டுரும். தானா ஆறட்டும். கையால தொடாதீங்க, பக்கத்துல நிக்காதீங்க, வண்டியில கை பிரேக் போட்டிருக்கீங்களா, முன்சக்கரத்துக்குக் கல்லு வெச்சீங்களா, நான் எடுக்காதீங்கன்னு சொல்ல வந்தேன், பிடிச்சிருக்குன்னா எங்க கடையில இறுகிப்போச்சுன்னு அர்த்தம், உள்ள துரு, கட்டை ஒட்டிக்கிச்சு, நான் அந்தம்மா வீட்டுல பால் தீயுதுன்னு ஓடிட்டேன், கொட்டகையில வந்து பார்த்தா படகு இல்ல, கோடு மட்டும் இருக்கு..."

ஸ்கூட்டர் நிற்பதற்கு முன்பே ஆரம்பித்தவர், இறங்கி, ஸ்டாண்டு போட்டு, ஹெல்மெட்டைக் கழற்றிய பிறகும் நிறுத்தவில்லை.

லிஃப்ட் வாளியைக் கீழே வைத்துவிட்டு வாய் பிளந்து நின்றார். தங்கை பிஸ்கட்டைக் கடிப்பதை நிறுத்தினாள்.

"அக்கா" என்றாள் மெதுவாக. "மாமா பேசுறாரு."

"கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். நடுவுல பேசிக் கெடுத்துடாத."

பூட்டுக்கு அப்போதுதான் தன் குரல் தன் காதில் விழுந்தது. சட்டென்று நிறுத்திக்கொண்டார். மனைவியின் பக்கத்தில் போய்ப் பாலச்சுவரில் உட்கார்ந்தார். அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள்.

"இத்தனையும் உள்ளேயேவா வெச்சிருந்தீங்க?" என்றாள்.

குடித்து முடித்த பிறகு அவர் கேட்டார்: "எப்படி நிறுத்தினீங்க?"

"அதை அண்ணிகிட்ட கேளுங்க" என்றார் லிஃப்ட். அவர் முகம் வெளுத்துத்தான் இருந்தது. "நான் நேரா இறங்கியிருப்பேன். கிளம்பும்போது தடக்குன்னு ஒரு இழுப்பு. மழையில நின்ன வண்டி, அப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டேன். வழியில ஏதோ தீய்ஞ்ச வாசனை. இவ சொன்னா. எந்த வீட்டுலயோ குப்பை எரிக்கிறாங்கன்னு சொல்லிட்டேன். பங்க்குல ஒருத்தர் கையைக் காட்டினாரு, நான் நல்ல மனுசன்னு நெனச்சு..."

"டாட்டா காட்டினீங்க" என்றார் பூட்டு.

"அதுவும் தெரிஞ்சு போச்சா? அப்புறம் அண்ணி கேட்டாங்க, அவரு பிரேக் பார்த்தாரான்னு. பார்த்தாரு அண்ணி, பிரேக் பிடிச்சிருக்குன்னு மெசேஜே போட்டிருக்காருன்னு பெருமையா சொன்னேன். சொன்னதுதான் தாமதம், அண்ணி 'வண்டிய நிறுத்துங்க'ன்னு ஒரு சத்தம். லிஃப்ட்டுல அபாய பொத்தான அமுக்கினா மாதிரி கால் தானா பிரேக்குல விழுந்துச்சு."

பூட்டு மனைவியைப் பார்த்தார். "உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கு டிரம்மும் தெரியாது, டிஸ்க்கும் தெரியாது" என்றாள் அவள். "உங்களத் தெரியும். எல்லாம் சரியா இருந்தா நீங்க எதுக்கு மெசேஜ் போடப் போறீங்க? சாப்பாடு நல்லா இருந்தா வாய் திறந்திருக்கீங்களா ஒரு நாளாவது? நீங்க ரெண்டு வார்த்தை எழுதியிருக்கீங்கன்னா என்னமோ பெருசா கெட்டுப்போயிருக்குன்னு அர்த்தம். அதான் நிறுத்தச் சொன்னேன். நிறுத்தி இறங்கிப் பார்த்தா சக்கரத்துல பொகை."

பூட்டு தண்ணீர் பாட்டிலைக் கீழே வைத்தார். பாலச்சுவரில் ஊன்றியிருந்த அவள் கையின் மேல் தன் கையை வைத்தார். நால்வர் இருக்கிற இடத்தில் அவர் அப்படிச் செய்வது அதுவே முதல் முறை. தங்கை நாகரிகமாக பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கத்தை எழுத்து விடாமல் படித்தாள்.

சக்கரம் கை பொறுக்கும் சூட்டுக்கு வர நேரமாயிற்று. வந்ததும் இரண்டு சகலைகளும் ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றினார்கள். டிரம்மை மரச்சுத்தியால் சுற்றிலும் தட்டித் தட்டி உருவ வேண்டியிருந்தது. உள்ளே எட்டிப் பார்த்த லிஃப்ட் உதட்டைப் பிதுக்கினார். உப்பும் சேறும் துருவும் சேர்ந்து அடை அடையாக அப்பியிருந்தன. கிரீஸ் உருகி ஒழுகியிருந்தது. இன்னும் கொஞ்ச தூரம் ஓடியிருந்தால் சக்கரம் தன்னால் கழன்று படகுக்கு முன்னே கழிமுகம் போய்ச் சேர்ந்திருக்கும்.

"கழுவல" என்றார் பூட்டு.

"கழுவல" என்று ஒப்புக்கொண்டார் லிஃப்ட். "பெயிண்டைத்தான் கழுவினேன். என் தப்புதான் சகலை." பிறகு கம்பியைத் தொட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "ஆனா இது? இந்தக் கம்பி இழுத்த இழுப்புலயே துருப்பிடிச்சு நின்னுபோச்சு. மழை முழுக்க கை பிரேக்க இழுத்து வெச்சது யாரு? கட்டைங்க டிரம்மை அமுக்கிக்கிட்டே கிடந்தா ஒட்டாம என்ன செய்யும்?"

பூட்டு யோசித்தார். மரக்கட்டைகள் இருந்தன. அவையே போதுமானவை. பத்திரம், இன்னும் பத்திரம் என்று இழுத்து வைத்தது அவர்தான்.

"நான்" என்றார்.

"அப்ப பாதிப் பாதி."

"பாதிப் பாதி."

"நாங்க ரெண்டு பேரும் முழுசா இருக்கோமே, அதுக்குச் சந்தோஷப்படுங்க" என்றாள் தங்கை பாலச்சுவரிலிருந்து. "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு."

அன்றைக்கு இனி சரிவில் இறங்குவதில்லை என்று முடிவாயிற்று. படகை ஏற்றிக்கொண்டு போக வேறு வண்டிக்குச் சொல்லியாயிற்று. அது வரும்வரை என்ன செய்வது? பச்சைப் பையில் நான்கு பேருக்கும் சாப்பாடு இருந்தது. கிளம்புகிற கடைசி நிமிஷத்தில் அக்காவே ஞாபகமாக எடுத்து வைத்திருந்தாள். ஜாக்கியோடு கற்களையும் முட்டுக் கொடுத்து டிரெய்லர் அசையாது என்று பூட்டு சுற்றி வந்து உறுதி செய்த பிறகு, படகை நிழல் பார்த்து விரித்த பாய் போல ஆக்கிக்கொண்டு நால்வரும் ஏறி உட்கார்ந்தார்கள். கீழே சாலையில் போன லாரிக்காரர் ஒருவர் வேகத்தைக் குறைத்து, "தண்ணி இன்னும் கீழ இருக்குங்க" என்று தகவல் சொல்லிவிட்டுப் போனார்.

சாப்பிட்டு முடித்ததும் பூட்டு பேசாமல் கை கழுவப் போனார். பாதியில் நின்றார். திரும்பினார்.

"நல்லா இருந்துச்சு" என்றார்.

அக்கா டப்பாவை மூடுவதை நிறுத்திவிட்டுத் தங்கையைப் பார்த்தாள். "இன்னும் சூடு இறங்கல போலிருக்கு."

அடுத்த வாரம் நால்வருமாகக் கடைக்குப் போனார்கள். கடைக்காரம்மா பழைய டிரம்மைத் திருப்பிப் பார்த்துவிட்டு, கடையில் நல்ல வியாபாரம் ஆகிற நாளிலும் சிரிக்காத சிரிப்பைச் சிரித்தார்.

"அன்னைக்கே சொல்ல வந்தேன். இன்னொண்ணுன்னு ஆரம்பிச்சேன். ரொம்ப நாள் நிறுத்தி வைக்கிறதா இருந்தா கை பிரேக் போடாதீங்க, மரக்கட்டையே போதும்னு. ஒருத்தர் நிக்கல. ஒருத்தர் கேக்கல."

இம்முறை இருவரும் நின்றார்கள், இருவரும் கேட்டார்கள். பூட்டு தானாகவே "இன்னொண்ணு இருக்கா?" என்று இரண்டு முறை விசாரித்தார். டிஸ்க் வாங்கினார்கள். துருவேறாத உலோகமாகப் பார்த்து வாங்கினார்கள். தண்ணீரில் இறக்குவதற்கு முன் சக்கரம் சற்று ஆறட்டும், ஏற்றிய பிறகு நல்ல தண்ணீரால் கழுவுங்கள், எண்ணெயை மாற்றிக்கொண்டே இருங்கள் என்று கடைக்காரம்மா சொன்னதெல்லாம் பூட்டின் தலையில் பூட்டிக்கொண்டது. முற்றத்துச் சரிவுக்கு நான்கு பெரிய மரக்கட்டைகள் புதிதாக வந்தன.

வீட்டில் ஒரு சட்டமும் வந்தது. போட்டவள் தங்கை. டிரெய்லர் விஷயத்தில் 'பிடிச்சிருக்கு' என்ற சொல்லை இனி யாரும் வாயால் சொல்லக் கூடாது, கையால் எழுதக் கூடாது. வண்டி சரியாக இருந்தால் 'ஓடும்.' இல்லையென்றால் 'ஓடாது.' மூன்றாவது வார்த்தைக்கு இடமில்லை.

"டிரெய்லருக்கு மட்டும்தானா?" என்று லிஃப்ட் கேட்டார்.

"மாமா மறந்துடுவாரு. எல்லாத்துக்கும்னே வெச்சுக்குங்க."

அடுத்த ஞாயிறு. பூட்டு விடிந்ததும் கொட்டகைக்குப் போனார். கட்டைகளை எடுத்து டிரெய்லரைத் தள்ளினார். இரண்டு சக்கரமும் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல உருண்டன. மனிதர் போனை எடுக்கவில்லை. தானே மாடி ஏறிப் போய்க் கதவைத் தட்டினார்.

"ஓடும்" என்றார்.

"ஓடுமா, சகலை? நிச்சயமா?"

"நிச்சயமா ஓடும். நிக்கவும் நிக்கும்."

லிஃப்ட் துண்டோடு நின்றபடி வியந்தார். ஒரே மூச்சில் நான்கு வார்த்தை.

அன்று சரிவில் வண்டி வளைந்து வளைந்து இறங்கியது. ஒவ்வொரு வளைவிலும் லிஃப்ட் லேசாக பிரேக்கைத் தொட, பின்னால் படகும் சொன்ன பேச்சுக் கேட்டு அடங்கி வந்தது. கீழே கழிமுகம் வெயிலில் தகதகத்தது. கரையோரம் நிறுத்தி, சக்கரம் ஆறட்டும் என்று காத்திருந்தார்கள். அவசரப்படுகிற லிஃப்ட்கூட வாட்சைப் பார்க்கவில்லை.

காத்திருந்த நேரத்தில் அக்கா பச்சைப் பையைத் திறந்து ஒரு பெரிய தொப்பியை எடுத்தாள். படகில் வெயிலுக்குப் போட்டுக்கொள்ள அவள் புதிதாக வாங்கியது. அகலமான விளிம்பு, நீல ரிப்பன். தலையில் வைத்து, ரிப்பனைச் சரிசெய்து, கணவருக்கு முன்னால் வந்து நின்றாள்.

"எப்படிங்க இருக்கு?"

பூட்டு நிமிர்ந்து பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. வாய் திறந்தது. "பிடிச்..."

"மாமா" என்று தங்கை விரலை ஆட்டினாள். "சட்டம்."

பூட்டு நிறுத்தினார். மனைவியை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார். டிரெய்லரைச் சுற்றி வருவதைப் போல நிதானமாக அவளைச் சுற்றி வந்தார். பிறகு, தன் தீர்ப்பைச் சொன்னார்.

"ஓடும்."

தொப்பி கழன்று விழும்படி அவள் சிரித்தாள்.